பெண்ணையாற்றுக்கு மேலே ஒரு கோடு

வெள்ளி இரவு, கடலூர்

"தாத்தா, எங்கள் வீட்டிலிருந்து நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய்?"

பேத்தி போனில் கேட்டாள். நான்காம் வகுப்பு படிக்கிறாள், பெங்களூரில். பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்களாம். உறவினர் ஊர், போகும் வழி, தூரம், ஆகும் நேரம் என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விடைதான் கொள்ளும்.

முப்பது வருடத்துக்கு மேல் நில அளவையில் காலம் தள்ளியவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. "எந்தத் தூரம்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். போனை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை கணினித் துறை. அவருக்கு எதுவும் இரண்டு நொடியில் வந்துவிடும். "புதுச்சேரி விமான நிலையம், பெங்களூர் விமான நிலையம், இரண்டுக்கும் நடுவில் 266 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 32 நிமிடம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது மாமா. பொங்கல் முடிந்துவிட்டதே, நீங்களே வந்து பாருங்கள்" என்றார். அன்று மாலையே டிக்கெட்டும் அனுப்பிவிட்டார். டிக்கெட்டில் 1 மணி 25 நிமிடம் என்று இருக்கிறது.

முப்பத்திரண்டுக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவில் ஐம்பத்து மூன்று நிமிடம் காணாமல் போயிருக்கிறது. புலப்படத்தில், அதாவது நில வரைபடத்தில், ஒரு அளவும் தரையில் வேறு அளவும் வந்தால், பக்கத்துக் கொல்லைக்காரன் வரப்பை வெட்டியிருப்பான், அல்லது நடுக்கல் இடம் மாறியிருக்கும். நேரம் எங்கே போயிருக்கும்? இந்தப் பயணத்துக்கு வேறு காரணமும் வேண்டுமா.

முதலில் அந்த 266-ஐச் சரிபார்த்தேன். இணையம் சொன்னால் ஆயிற்றா? புதுச்சேரி ஓடுபாதை வடக்கு 11 பாகை (டிகிரி) 58 கலை, கிழக்கு 79 பாகை 49 கலை; ஒரு பாகைக்கு அறுபது கலை. பெங்களூர் 13 பாகை 12 கலை, 77 பாகை 42 கலை. விமானக்காரர்கள் கடல் மைலில் அளப்பது இங்கே வசதி. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்; அட்சரேகையில் ஒரு கலைக்குச் சமம். ஆகவே வடக்கே 74 கடல் மைல். மேற்கே 127 கலை இருந்தாலும், நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும். இந்த உயரத்தில் அது 123 அல்லது 124 கடல் மைலாகச் சுருங்குகிறது. 123 என்று வைத்துக்கொண்டேன். ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் வர்க்கமூலம் போடமாட்டார். "நீளப் பக்கத்தில் எட்டில் ஒன்றைத் தள்ளு, குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டு, கர்ணம் வந்துவிடும்" என்பார். அது தமிழ்நாட்டுக் கணக்கர்களின் பழைய வழி என்று சொல்வார்கள். 123-இல் எட்டில் ஒன்று போக 107 சொச்சம், அத்துடன் 37. கிட்டத்தட்ட 144 அரை. முறையாக வர்க்கமூலம் போட்டால் 143 அரை. ஒரு கடல் மைல் பிசகு. பேனா எடுக்காமல் வந்த விடைக்கு இது மோசமா? 143 அரையை 1.852-ஆல் பெருக்கினால் 266 கிலோமீட்டர். இணையம் பொய் சொல்லவில்லை. நிலம் அளக்கும் 66 அடி கண்டர் சங்கிலியில் சொன்னால் பதின்மூவாயிரத்து இருநூறு சங்கிலிக்குக் கொஞ்சம் மேல். இதை மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

தூரம் அளக்கும் விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு வரலாறு உண்டு. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, அதாவது புனித டேவிட் கோட்டையை, 1690-இல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. பெரிய பீரங்கியைத் தேடிக் கொண்டுவந்து சுற்றிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களெல்லாம் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் இன்றைக்கும் கடலூரில் இருக்கின்றன. சங்கிலி இல்லை, கல் நடவில்லை, பட்டா பேசவில்லை, வெடிமருந்து பேசியது. சர்வேயர்களாகிய எங்களுக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான்.

முதல் நாள், சனி

மஞ்சக்குப்பம் வீட்டிலிருந்து பிற்பகல் 1.30-க்குக் கிளம்பினேன். நோட்டில் குறித்துக்கொண்ட முதல் நேரம் இது. கடிகாரம் இங்கேதான் ஓட ஆரம்பிக்கிறது; விமானக் கம்பெனிக்கு வேண்டுமானால் வேறு இடத்தில் ஓட ஆரம்பிக்கட்டும்.

ஆல்பேட்டையில் பெண்ணையாற்றுப் பாலம். மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் நூல் பிடித்தது போல ஓடிக்கொண்டிருந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் இதே இடத்தில் கரை தெரியவில்லை. ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு இங்கே வந்து சேரும் என்று ஊரே கணக்குப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருந்தது. எங்கள் ஊரில் பயண நேரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம். அந்தப் பிரதேசத்தின் எல்லையைப் பார்க்கும்போதெல்லாம் கைநடுங்கிய ஆள் ஒருவன் கோடு போட்டது போல எனக்குத் தோன்றும். பாகூர்ப் பக்கம் ஒரு வயல் தமிழ்நாடு, அடுத்த வயல் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதும் இழந்ததும் திரும்பப் பெற்றதும் அப்படியே தரையில் கிடக்கின்றன. இலாசுப்பேட்டை விமான நிலையத்துக்கும் அந்த வினை விடவில்லை. ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்கள் நிறைந்த பாரத்துடன் இறங்கி ஏற இது போதாது. நீட்டலாம் என்றால் நிலம் தமிழ்நாட்டுப் பக்கம் வேண்டும். இரண்டு அரசுகளும் வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இங்கே விசிறி வைத்த ஏடிஆர் விமானம் வருகிறது. நடுவில் சேவை நின்றுபோய், 2024 டிசம்பரில் மறுபடியும் தொடங்கியது.

2.40-க்கு நிலையத்துக்குள் நுழைந்தேன். விமானம் 5.10-க்கு. அது ஐதராபாத்திலிருந்து வந்து, எங்களை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போக வேண்டும்.

சின்ன நிலையம். மூலைக்கு மூலை நடந்தால் முடிந்துவிடும். உட்கார்ந்திருந்தபோது லெ ஜந்தீல் ஞாபகம் வந்தார். பிரெஞ்சு வானியலாளர். புதுச்சேரியில் காத்திருந்தவர்களில் அவரைப் போல இன்னொருவர் இல்லை. சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் கடந்துபோகும் நேரத்தை உலகின் பல இடங்களிலிருந்து அளந்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அவர் 1760-இல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். புதுச்சேரிக்கு வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது; கப்பல் திரும்பிவிட்டது. 1761 ஜூனில் வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பல் தளத்தில் எதை அளப்பது?

அடுத்தது எட்டு வருடம் கழித்து. அதைத் தவறவிட்டால் நூறு வருடத்துக்கு மேல் ஆகும். மனிதர் ஊருக்குத் திரும்பவில்லை. இந்தியப் பெருங்கடலைச் சுற்றினார், மணிலா போனார், 1768-இல் புதுச்சேரிக்கு வந்து கோட்டை இடிபாடுகளில் ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார். காத்திருந்த காலத்தில் தமிழ்ச் சோதிடர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1769 ஜூன் 4 காலை. அதற்கு முந்தைய நாட்களில் வானம் தெளிவாக இருந்ததாம். அன்றைக்கு மட்டும் மேகம். வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. நோயும் புயலும் கடந்து 1771-இல் வீடு திரும்பினால், ஆள் செத்துவிட்டார் என்று வாரிசுகள் சொத்தைப் பங்கு போட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இடமும் போய்விட்டிருந்தது.

பதினோரு வருடப் பயணம். ஒரு அளவும் கையில் இல்லை. இதை நினைத்துக்கொண்டிருந்தபோது, ஐதராபாத் விமானம் வர இருபது நிமிடம் தாமதமாகும் என்று அறிவித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் கோபப்பட்டார். எனக்குக் கோபமே வரவில்லை.

ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். டவுன் பஸ்ஸில் ஏறுவது போலவே இருந்தது. இறக்கை மேலே இருப்பதால் சன்னலுக்குக் கீழே மறைப்பு கிடையாது. எவ்வளவு நல்ல யோசனை! தரையைப் பார்த்தே பிழைத்தவனுக்கு இந்த விமானம்தான் சரி. அண்ணாமலை தெரிய வேண்டும் என்று இடப்பக்கச் சன்னல் கேட்டு வாங்கியிருந்தேன். போனில் பறக்கும் நிலையை அமைத்துவிட்டு, செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் செயலியை மட்டும் ஓடவிட்டேன்.

5.36-க்குச் சக்கரம் தரையை விட்டது. போனது கிழக்கே! பெங்களூர் மேற்கே இருக்கிறது; நாங்கள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். காரணம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். இறக்கைக்கு மேலே காற்று வேகமாக ஓடினால்தான் தூக்கும். தை மாதத்தில் இங்கே வாடையும் கொண்டலும் கலந்து வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே முதலில் கடலைப் பார்த்து ஓட வேண்டும். கோட்டக்குப்பத்துக் கரையைத் தாண்டி, வள்ளங்களுக்கு மேலே போய், இடப்பக்கம் சாய்ந்து, மறுபடி மேற்கே வந்தோம். புறப்பட்ட ஊருக்கே திரும்பி வர சுமார் பதினாறு கிலோமீட்டர் செலவு. தொலைந்த நிமிடங்களில் முதல் தவணை கிடைத்துவிட்டது.

ஊசுட்டேரி கீழே ஈயத் தகடாகக் கிடந்தது. தெற்கே, தொலைவில், ஒரு ஆறு கடலில் கலக்கும் இடம் மங்கலாக மின்னியது. பெண்ணையாறு என்று சத்தியம் செய்வேன்.

அப்புறம் ஒரு தவறு தெரிந்தது. மாலை விமானம், மேற்கே பயணம், இடப்பக்க இருக்கை. வெயில் நேராக முகத்தில். எத்தனை வயலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று கோல் பிடித்திருக்கிறேன். டிக்கெட் வாங்கும்போது அது தோன்றவில்லை. கையை மறைப்பாக வைத்துக்கொண்டுதான் செஞ்சிக் குன்றுகளைப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் கோட்டை என்று தெரிவதில்லை, பாறையைக் கொட்டி வைத்தது போல இருக்கிறது. அடுத்து திருவண்ணாமலை. தங்க வெளிச்சத்தில் ஒரு கறுத்த முக்கோணம். நானும் பக்கத்து இருக்கைக் கோபக்காரரும் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

செயலி காட்டிய வேகம் மணிக்கு 470 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அதுவும் சவ்வாது மலைக்கு மேலே கொஞ்ச நேரம்தான். முன்பாதி ஏறுவதில் போகிறது, பின்பாதி இறங்குவதில். இரண்டிலும் வேகம் குறைவு. 32 நிமிடம் என்று கணக்குப் போடுகிறவர், விமானம் புதுச்சேரி ஓடுபாதைக்கு மேலே 500 கிலோமீட்டர் வேகத்துடன் பிறந்து, பெங்களூர் ஓடுபாதைக்கு மேலே அதே வேகத்துடன் மறைந்துவிடுவதாக நினைத்துக்கொள்கிறார். வகுத்தல் சரி, விமானம்தான் கற்பனை. இறங்குவதில் ஒரு சலுகையும் உண்டு. இலாசுப்பேட்டை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 40 மீட்டர். பெங்களூர் ஓடுபாதை 900 மீட்டருக்கு மேல். தரை எழுந்து எதிரே வருகிறது.

பெங்களூரிலும் காற்று கிழக்கே இருந்துதான். ஆகவே விமான நிலையத்தைத் தாண்டி மேற்கே போய், திரும்பி, கிழக்கு நோக்கி இறங்கினோம். நிலைய விளக்குகளை இரண்டு முறை பார்த்தேன். சக்கரம் தரையைத் தொட்டது 6.34. வானில் 58 நிமிடம். செயலியில் பறந்த தடம் 321 கிலோமீட்டர். 266-க்கு மேலே 55 கிலோமீட்டர். பாதிக்கு மேல் பெங்களூர்ச் சுற்றில் போனது. டிக்கெட்டில் உள்ள 85 நிமிடம் வாசலிலிருந்து வாசலுக்குப் போட்ட கணக்கு. சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும் வரை. ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு பேருந்து நிலையம் போல நீண்டு கிடக்கும் தளத்தில் ஊர்வது, இவற்றுடன் தாமதத்தை விழுங்கக் கொஞ்சம் கையிருப்பு. தொலைந்த 53 நிமிடம் முழுவதும் கிடைத்துவிட்டது. திருடன் யாரும் இல்லை.

ஆனால் நாள் முடியவில்லை. மகள் வீடு எலக்ட்ரானிக் சிட்டியில். விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில்; மகள் வீடு ஊருக்குத் தெற்கே, ஓசூர் சாலையில். 7.20-க்கு வாயு வஜ்ரா என்ற விமான நிலைய பஸ்ஸில் ஏறினேன். ஹெப்பாளத்தில் நின்றோம். எங்கே நிற்கவில்லை என்று எழுதினால் சீக்கிரம் முடிந்துவிடும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது 9.50.

எட்டு மணி இருபது நிமிடம். அதில் ஆகாயம் 58 நிமிடம்.

மகள் கதவைத் திறந்து, "அப்பா, கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தால் எங்கள் தெரு முனையிலேயே இறங்கியிருக்கலாமே" என்றாள். உண்மை. ஓசூர் வழியாக வரும் பஸ் எல்லாம் இந்த வழியாகத்தான் ஊருக்குள் போகிறது. நான் மகள் வீட்டு அட்சரேகையைத் தாண்டி வடக்கே நாற்பது கிலோமீட்டர் போய், திரும்பி வந்திருக்கிறேன். மாப்பிள்ளை தட்டில் தோசை வைத்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார்.

இரண்டாம் நாள், ஞாயிறு

ஓய்வு. எழுத அதிகம் இல்லை.

பேத்தியின் தாளைப் பார்த்தேன். தூரம் என்ற கட்டத்தில் பென்சிலால் 266 என்று எழுதி வைத்திருக்கிறாள். "அது விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும். உன் வீட்டிலா விமானம் நிற்கிறது?" என்று கேட்டேன். யோசித்தாள். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நேர்கோடு எவ்வளவு என்று இருவரும் போட்டோம். சுமார் 260. பஸ் போகும் வழி 280-ஐ ஒட்டி. பறந்த தடம் 321; இரண்டு பக்கமும் தரையில் வந்தது தனி. அவள் 266-க்குப் பக்கத்தில் மற்ற மூன்றையும் எழுதினாள். கட்டம் நிரம்பி வழிந்தது.

ஆங்கிலேய சர்வேயர் லாம்டன் கதையையும் சொன்னேன். 1802-இல் சென்னையில், பரங்கிமலைக்குப் பக்கத்தில், சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றை நூறு அடி எஃகுச் சங்கிலியால் வாரக்கணக்கில் அளந்தார். இன்றைக்குச் சென்னையில் இறங்கும் விமானங்கள் அந்த மலைக்குப் பக்கத்தில்தான் தாழ்ந்து வருகின்றன. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் முக்கோணம் முக்கோணமாகக் கோணம் மட்டும் பார்த்து, பெங்களூரில் இன்னொரு கோடு அளந்து சரிபார்த்து, மங்களூர்க் கடற்கரை வரை போனார். சென்னையிலிருந்து மங்களூர் வரை 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் சொல்லிவந்தன. லாம்டன் அளந்தால் 360. நாற்பது மைல் நாடு இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிட்டது.

"யாருடைய வீடெல்லாம் அதில் போயிற்று?" என்று பேத்தி கேட்டாள். சர்வேயர் பேத்தி.

மூன்றாம் நாள், திங்கள்

பொங்கல் விடுப்பில் மிச்சம் இருந்ததால் மாப்பிள்ளை காரை எடுத்தார். சனிக்கிழமைக்குப் பரிகாரம் என்று நினைக்கிறேன். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் ஹெப்பாளம்கூட வழிவிடுகிறது. ஆறரைக்கு நந்தி மலை ஏறத் தொடங்கினோம்.

இதற்காகத்தான் நான் வந்தேன் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் மகள் சிரிப்பாள். விமானத் தூரத்தைக் கணக்குப் போட்ட அன்று வரைபடத்தில் விரலை ஓட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. புதுச்சேரியிலிருந்து பெங்களூர் விமான நிலையம் வரை போடும் கோடு, பெண்ணையாற்றின் ஒரு நுனியிலிருந்து இன்னொரு நுனிக்குப் போகிறது. ஆறு நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கிறது. விமான நிலையம் அந்த மலைக்குக் கூப்பிடு தூரம். ஆறு கடலில் சேர்வது எங்கள் கடலூரில். விமானத்துக்கு இரண்டு ஊர் என்று தோன்றுவது ஆற்றுக்கு ஒரே உடம்பு.

ஆறு போகும் வழி வேறு. பெங்களூருக்குக் கிழக்கே தெற்கு நோக்கி இறங்கி, நகரத்தின் கழிவில் ஒரு பங்கை வரத்தூர் ஏரி வழியாக வாங்கிக்கொண்டு, ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்கி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் என்று வந்து சேர்கிறது. நானூறு கிலோமீட்டருக்குக் குறையாது. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போகிற தண்ணீருக்கு நேர்கோடு தெரியாது.

மேலே 1,478 மீட்டர். பனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் இல்லை. ஆறு பிறக்கும் இடம் என்று எங்கேயாவது தண்ணீர் குபுகுபுவென்று வரும் என்று பேத்தி எதிர்பார்த்திருக்கிறாள். பாறைச் சரிவில் ஈரம் கசிந்து, புல்லுக்குள் ஒரு விரல் அகலத்தில் வழிந்து, காணாமல் போயிற்று. அது பெண்ணையாற்றுக்குப் போகிறதா, இதே மலைப் பகுதியில் பிறக்கும் பாலாற்றுக்கா, அர்க்காவதிக்கா என்று எந்தக் கல்லும் நடப்படவில்லை. நான் கிழக்குச் சரிவைக் காட்டி, "இது நம் ஊருக்கு வருகிறது" என்றேன். தொழில் வாழ்க்கையில் இவ்வளவு ஆதாரம் இல்லாமல் எல்லை சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கலந்துவிட்டாள். "இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள் தாத்தா."

பனிக்குள் எங்கோ ஒரு விமானம் இறங்கும் சத்தம். கண்ணுக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள், செவ்வாய்

பஸ். காலை 9 மணிக்கு மகள் தெரு முனையில் ஏறினேன். யாரும் என் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை, பெல்ட்டைக் கழற்றச் சொல்லவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி வரை நல்ல சாலை, தூங்கிவிட்டேன். ஊத்தங்கரையில் சாப்பாடு, முப்பது நிமிடம் போயிற்று. ரசம் நன்றாக இருந்ததால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. செங்கம் தாண்டியதும் அண்ணாமலை. மூன்று நாளைக்கு முன் ஐயாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு நிமிடத்தில் கடந்துபோன மலை, இன்று முக்கால் மணி நேரம் சன்னலில் கூடவே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் வேறு வடிவம். மேலிருந்து பார்த்த முக்கோணம் எது என்று கடைசி வரை தேடினேன்.

திருக்கோவிலூர்ப் பாலத்தில் பெண்ணையாறு. பாரி இறந்த பிறகு கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டதாகச் சொல்லும் பாறை இங்கே ஆற்றுக்குள் இருக்கிறது. பண்ருட்டியில் பலாப்பழக் கடைகள் இன்னும் திறக்கவில்லை, பருவம் வரவில்லை. நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் நகர்ந்தோம்.

வீட்டுக்குள் காலை வைத்தது மாலை 4.50. ஏழு மணி ஐம்பது நிமிடம். விமானத்தைவிட அரை மணி நேரம் முன்னால். இதை மாப்பிள்ளைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று பத்து நிமிடம் யோசித்து, அனுப்பவில்லை. டிக்கெட் அவர் காசு.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மகள் வீடு ஹெப்பாளத்தில் இருந்திருந்தால் விமானம் ஜெயித்திருக்கும். நான் இலாசுப்பேட்டையில் குடியிருந்தால் இன்னும் எளிதாக. கடலூர்க்காரனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் சம்பந்தம் அமைந்தது விமானத்தின் குற்றமா?

ஐந்தாம் நாள், புதன்

மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாழங்குடா போனேன். பெண்ணையாறு கடலில் சேரும் இடம். வலை காயும் வாசனை. கடல் மணலைத் தள்ளி வாயை அடைக்கப் பார்க்கிறது, ஆறு ஓரமாக ஒரு வழி வைத்திருக்கிறது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நோட்டில் குறித்தேன். பழக்கம்.

பேத்தியைக் காணொளியில் கூப்பிட்டேன். தாளைக் கொடுத்துவிட்டாளாம். ஆசிரியை தூரக் கட்டத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஒரே விடை எழுதவும் என்று போட்டிருக்கிறாராம். அவளுக்கு அதில் கோபம். எனக்கும்தான். ஆனால் ஆசிரியைக்கு நாற்பது தாள் திருத்த வேண்டும்.

போனைத் திருப்பி ஆற்றையும் கடலையும் காட்டினேன். தண்ணீர் நிறம் மாறும் கோட்டை அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

"தாத்தா, நான் ஊற்றிய தண்ணீர் அங்கே வந்துவிட்டதா?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். திங்கள், செவ்வாய், புதன். நடுவில் மூன்று அணை.

"இன்னும் ஓசூரே தாண்டியிருக்காது."

"வந்தால் சொல்" என்றாள். பின்னால் அவள் அம்மா சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது.